மலைக்குப் போன தாய்

வியன்னா நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1944-ஆம் வருஷம், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அவர் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். நான்கு சிறுவர்களின் சரித்திரம் அதில் இருந்தது. மற்றப் பிள்ளைகளோடு சேரமாட்டார்கள். முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். தங்களுக்குப் பிடித்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பெரியவர்களும் திகைக்கும்படி அதிலே மூழ்கிப் போவார்கள். ஆட்டிஸம் என்று இன்று எல்லோரும் சொல்கிற சொல்லைத்தான் அவரும் அந்தப் பிள்ளைகளுக்குப் பயன்படுத்தினார். அது தொற்றிக்கொள்கிற நோயல்ல, வளர்ப்பில் வந்த குற்றமுமல்ல. பிறவியிலேயே மூளை வேறு விதமாக அமைந்திருப்பது என்று இன்றைய வைத்திய சாஸ்திரம் சொல்லுகிறது.

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடையின் நடுவில் நிற்பவனை விட்டுவிட்டு, ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளையே பார்த்துக்கொண்டிருப்போம். ஆஸ்பெர்கரின் கட்டுரையை மொழிபெயர்ப்பில் படித்தபோது என் கண் அந்த நான்கு பையன்களில் நிற்கவில்லை. முதல் பையனின் தாயாரிடம் போய் நின்றது.

பையன் பெயர் ஃப்ரிட்ஸ். ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே, "இவனுக்குப் பாடம் சொல்ல முடியாது" என்று உபாத்தியாயர்கள் கைவிட்டுவிட்டார்கள். தாயார் அவனை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். ஆஸ்திரியாவின் பெரிய கவிஞர் ஒருவரின் குடும்பத்தைச் சேர்ந்தவள். டாக்டர் அவளையும் கவனித்து எழுதுகிறார். உடையில் அக்கறையில்லை, நடையிலும் அங்க அசைவிலும் மகனுடைய சாயல். பள்ளிக்கூடத்துக்கு இருவரும் போவதை அவர் வர்ணித்திருக்கிறார்: தாயார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உலகத்தையே மறந்தவளாய் நடக்கிறாள், பையன் பக்கத்தில் இங்கும் அங்குமாக ஓடுகிறான். பார்த்தால் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள் போல இருக்குமாம்.

இன்னொன்றும் எழுதுகிறார். வீட்டில் தாங்க முடியாமல் போனால் அந்த அம்மாள் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தனக்குப் பிரியமான மலைப் பிரதேசத்துக்குக் கிளம்பிவிடுவாளாம். ஒரு வாரமோ அதற்கு மேலோ அங்கேயே இருப்பாள். வீட்டிலுள்ளவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

டாக்டர் இதை எழுதியது அவள்மேல் இரக்கப்பட்டு அல்ல. இந்தச் சுபாவம் வம்சத்தில் வருவது என்று காட்ட ஒரு சாட்சியம் வேண்டும், அதற்காக எழுதினார். ஆனால் அதே பக்கத்தில், அவர் அதிகமாக நின்று பார்க்காத ஒரு விஷயம் இருக்கிறது. மகனை அந்தத் தாய் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தாள். மகனிடம் காணும் குணங்களை அவள் தன்னிடத்திலும், தன் உறவினரிடத்திலும் தேடித் தேடிப் பார்த்தாள். அதைப் பற்றிச் சரளமாகப் பேசவும் பேசினாள். தன்னால் இனி முடியாது என்றும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுடைய பெயர் கட்டுரையில் இல்லை. அவள் மலையில் அந்த ஒரு வாரம் என்ன செய்தாள் என்றும் யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

இத்தனையும் எழுதிய அதே மனிதர், சில பக்கங்கள் தள்ளி, இந்தக் குணம் முழு உருவத்தில் அமைந்த பெண் குழந்தையைத் தாம் பார்த்ததே இல்லை என்று எழுதினார். பத்து வருஷத்தில் 200 குழந்தைகளுக்கு மேல் பார்த்தவர் அவர். இது ஆண் புத்தியின் எல்லை கடந்த ஒரு வடிவம் என்று ஒரு சித்தாந்தமும் கட்டினார். தாய்மார்கள் சிலரிடம் இந்தச் சாயல் இருப்பதைக் கண்டோமே என்று அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும். பெண்களுக்குப் பருவம் வந்த பிறகுதான் வெளிப்படுமோ என்று ஒரு சந்தேகத்தை எழுதி, தெரியவில்லை என்று முடித்துவிட்டார். தேடிய ஆள் எதிர் நாற்காலியில் பையனின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த டாக்டரைப் பற்றிப் பேசும்போது இன்னொரு பெண் குழந்தையையும் சொல்லாமல் விடக்கூடாது. ஹெர்த்தா என்ற சிறுமி. மூளைக் காய்ச்சலுக்குப் பிறகு வளர்ச்சி குன்றிப் போனவள். ஆட்டிஸம் உள்ளவள் அல்ல. 1941-இல், மூன்று வயது நிறையும் தறுவாயில், அவளை ஷ்பீகல்க்ருண்ட் என்ற விடுதிக்கு அனுப்பலாம் என்று ஆஸ்பெர்கர் கையெழுத்திட்டார். ஆரோக்கியமான வேறு ஐந்து குழந்தைகளை வளர்க்கும் தாய்க்கு இந்தக் குழந்தை தாங்க முடியாத பாரம் என்பது அவர் சொன்ன காரணம். நாஜி அரசாங்கம் ஊனமுற்ற குழந்தைகளைக் கொன்ற இடம் அது. இரண்டே மாதத்தில் ஹெர்த்தா இறந்தாள். ஹெர்விக் செக் என்ற சரித்திர ஆராய்ச்சியாளர் 2018-இல் இந்தக் காகிதங்களை வெளியிட்டார். அதன் பிறகு ஆஸ்பெர்கரின் பெயரைச் சொல்லவே பலர் கூசுகிறார்கள். கூசுவது நியாயந்தான். ஆனால் அவர் எழுதி வைத்த பையன்களும், அந்தத் தாயும் அவருடைய சொத்தல்ல.

அவருக்கு ஒரு வருஷம் முந்தி, 1943-இல், அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து டாக்டர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தார். 8 பையன்கள், 3 சிறுமிகள். இங்கே பெண்கள் இருக்கிறார்கள்! அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கானரே 1971-இல் விசாரித்து எழுதினார்.

கானருடைய முதல் குழந்தை டொனால்ட். மிஸிஸிப்பி மாகாணத்தில் ஃபாரெஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்தவன், தகப்பனார் வக்கீல். அவனை ஒரு குடியானவரும் மனைவியும் தங்கள் பண்ணையில் சில வருஷம் வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு மனநூல் எதுவும் தெரியாது. பையனுக்கு எதை எடுத்தாலும் அளந்துகொண்டே இருக்கிற பைத்தியம். சரி, கிணறு வெட்டி அதன் ஆழத்தை அளந்து சொல் என்று விட்டார்கள். எண்ணிக்கொண்டே இருக்கிறான், சோளக் கொல்லையில் ஏர் ஓட்டிக்கொண்டே வரிசைகளை எண்ணட்டும் என்று விட்டார்கள். அவன் குணத்தை மாற்றப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்தார்கள். டொனால்ட் பிறகு காலேஜில் பட்டம் பெற்று, சொந்த ஊர் பாங்கியில் வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, தேசம் தேசமாகச் சுற்றிப் பார்த்து, 2023-இல் 89 வயதில் காலமானார்.

மூன்று சிறுமிகளும் வளர்ந்து அரசாங்க மனநோய் விடுதிகளில் போய்ச் சேர்ந்தார்கள். பெண்கள் என்பதால்தான் இப்படி ஆயிற்று என்று நான் சொல்லமாட்டேன். பையன்களில் சிலருக்கும் இதே கதிதான். அப்படி விடுதியில் சேர்ப்பது ஆயுள் தண்டனைக்குச் சமமாகிவிட்டது என்று கானரே வருந்தி எழுதினார். ஆனாலும் சிறுமிகளில் ஒருத்திக்காவது ஒரு கிணறு கிடைக்கவில்லையே என்ற நினைப்பு எனக்குப் போகவில்லை.

இவர்கள் இருவருக்கும் முன்பே, மாஸ்கோவில் ஒரு பெண் டாக்டர் இதைக் கண்டு எழுதியிருந்தாள் என்பது இந்தச் சரித்திரத்தில் விசேஷம். க்ருன்யா சுகரேவா, கீவ் நகரத்தில் 1891-இல் பிறந்தவள். குழந்தைகள் தங்கிப் படிக்கிற சிகிச்சைப் பள்ளியில், தேகப் பயிற்சி, சித்திரம், தச்சு வேலை என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டு, நாள் முழுதும் அவர்களைப் பார்த்துப் பார்த்துக் குறித்தாள். 1925-இல் ஆறு பையன்களைப் பற்றி எழுதினாள். அதோடு நிற்கவில்லை. 1927-இல், இதே சுபாவம் சிறுமிகளிடத்தில் எப்படி வேறாகத் தெரிகிறது என்று தனியாக ஒரு கட்டுரை எழுதினாள்.

பையன்களைப் பற்றிய கட்டுரை ஜெர்மன் பாஷையிலும் வந்தது. என்றாலும் ஆங்கிலம் பேசும் உலகம் அதைப் படித்தது 1996-இல்தான். சூலா உல்ஃப் என்ற டாக்டர் மொழிபெயர்த்தார். சிறுமிகளைப் பற்றியது ஆங்கிலத்துக்கு வருவதற்கு 90 வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் இரண்டு மூன்று தலைமுறைப் பெண்கள் பிறந்து, கலியாணம் செய்து, பிள்ளை பெற்று, "திமிர் பிடித்தவள்", "சமர்த்துப் போதாது", "நரம்புத் தளர்ச்சி" என்று ஒவ்வொரு பேராகச் சுமந்து, கிழவிகளாகிப் போனார்கள்.

லண்டனில் லோர்னா விங் என்ற டாக்டர் 1981-இல் ஆஸ்பெர்கரின் கட்டுரையைத் தூசி தட்டி எடுத்து ஆங்கில உலகத்துக்குக் காட்டினார். அவரும் ஒரு தாய், மகளுக்கு ஆட்டிஸம். வைத்தியம் படித்திருந்தும் அவர் இதை மகளிடமிருந்துதான் கற்றார் என்றால் தவறில்லை. அந்த 1981-இலேயே அவர் ஒரு கணக்கும் கொடுத்தார். புத்தி வளர்ச்சி மிகவும் குன்றிய குழந்தைகளிடையே ஏறக்குறைய 2 பையனுக்கு 1 பெண். புத்தி நன்றாக இருப்பவர்களிடையே 15 பையனுக்கு 1 பெண். கணக்கைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது? புத்தியுள்ள பெண்களுக்கு இது வருவதில்லை என்று தோன்றலாம். புத்தியுள்ள பெண்கள் அகப்படவில்லை என்றும் தோன்றலாம். 2017-இல் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 3 பையனுக்கு 1 பெண் என்ற அளவுக்கு வித்தியாசம் குறைந்துவிட்டது. அகப்படவில்லை என்பதே உண்மை.

ஏன் அகப்படவில்லை? இதற்கு விடை சொன்னவர்கள் டாக்டர்கள் அல்ல, அந்தப் பெண்களே. டோனா வில்லியம்ஸ் என்பவள் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் 1963-இல் பிறந்தாள். குழந்தையாக இருந்தபோது செவிடு என்று நினைத்துச் சோதித்தார்கள். பித்து என்றும் சொன்னார்கள். தன் பெயர் ஆட்டிஸம் என்று அவளுக்குத் தெரிந்தபோது வயது முப்பதை நெருங்கியிருந்தது. 1992-இல் வெளிவந்த தன் சரித்திரத்தில் அவள் சொல்வது இது: சிறு வயதில் ஒரு பூங்காவில் காரோல் என்ற பெண்ணைச் சந்தித்தாள். சிரித்த முகம், கலகலப்பான பேச்சு, யாருக்கும் பிடிக்கிற பெண். அவளைப் பார்த்து அப்படியே ஒரு வேஷம் தைத்துக்கொண்டாள். வெளி உலகத்துக்குப் போகும்போதெல்லாம் காரோல் போவாள். டோனா உள்ளே இருப்பாள். ஊரார் காரோலைத்தான் பார்த்தார்கள், காரோலோடுதான் சிநேகம் கொண்டார்கள். காரோலுக்கு ஒரு குறையும் இல்லை; ஆகவே டோனாவுக்கு வைத்தியமும் இல்லை.

நாவலில் ஒரு பாத்திரத்தைச் சிருஷ்டிக்க எனக்கு ஆறு மாதம் பிடிக்கிறது. மேஜையை விட்டு எழுந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவேன். காலையிலிருந்து இரவு வரை இறக்கி வைக்க முடியாமல் ஒரு பாத்திரத்தைச் சுமக்கிற களைப்பை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் லியான் ஹாலிடே வில்லி என்ற அம்மாள் வேறு வழியாக வந்து சேர்ந்தாள். டாக்டர் பட்டம் பெற்றவள்; கலியாணமாகி மூன்று பெண் குழந்தைகள். சிறு வயது முதல் அடுத்தவர் பேச்சையும் தோரணையையும் அச்சாகப் பிடித்துக்கொள்ளுவாள். பழகாத கட்டடத்துக்குள் போனால் வழி தவறிப்போவாள். கடைசி மகளைச் சோதித்த வைத்தியர்கள் ஆஸ்பெர்கர் குறிகள் என்று சொன்னபோது, அவர்கள் படித்துக் காட்டிய ஒவ்வொரு வரியிலும் தாயார் தன்னைப் பார்த்தாள். வியன்னாவில் அந்த ஃப்ரிட்ஸின் தாய் மகனிடம் தன்னைத் தேடினாளே, அதே காரியந்தான். ஆனால் இந்த முறை தேடியவள் கையில் பேனா இருந்தது. 1999-இல் புத்தகம் எழுதினாள்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பின்னால் உள்ள அநுபந்தங்கள். உன் சுபாவத்தை யாருக்குச் சொல்லுவது, எப்படிச் சொல்லுவது. எந்த மாதிரி உத்தியோகம் பார்ப்பது. வீட்டுக் காரியங்களை எப்படி ஒழுங்கு செய்துகொள்வது. காதைக் குத்துகிற சப்தத்தையும், உடம்பை உறுத்துகிற துணியையும் எப்படிச் சமாளிப்பது. சோகமும் இல்லை, தத்துவமும் இல்லை. சமையல் குறிப்பு எழுதுகிறவள் எழுதுவதுபோல எழுதியிருக்கிறாள். "உன்னை மாற்றிக்கொள்" என்று நாற்பது வருஷம் கேட்ட பெண்களுக்கு, "திரைச்சீலையை மாற்று, விளக்கை மாற்று, வேலை நேரத்தை மாற்று" என்று ஒருத்தி சொன்னால் அது எவ்வளவு பெரிய விடுதலை! பண்ணையில் கிணறு வெட்டச் சொன்னார்களே, அந்த ஜாதி யோசனை இது.

இதற்குக் கூடப்பிறந்தது போல இன்னொன்று இருக்கிறது: கவனம் ஓரிடத்தில் நிற்காத சுபாவம். ஏ.டி.எச்.டி. என்று இன்று நான்கு எழுத்தில் சொல்லுகிறார்கள். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற டாக்டர் 1902-இல் பிரசங்கம் செய்தபோது, அவர் எடுத்துக் காட்டிய 20 குழந்தைகளில் 5 பேர் சிறுமிகள். பிறகு பல காலம் இந்தப் பேச்சு, வகுப்பில் பெஞ்சு மேல் ஏறிக் குதிக்கிற பையனைப் பற்றியதாகவே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிற பெண்ணால் உபாத்தியாயருக்கு உபத்திரவம் இல்லையே! குதிக்காமலும் இது இருக்கலாம் என்று அமெரிக்க மனநோய் வைத்தியர்களின் கையேடு ஒப்புக்கொண்டது 1980-இல். ஆட்டிஸமும் இதுவும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கலாம் என்று அதே கையேடு சம்மதித்தது 2013-இல். சாவியைத் தொலைத்துத் தொலைத்துத் தேடிய பெண்கள் எத்தனையோ பேர் அதற்குள் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

கடைசியாக, உலகமே முகம் பார்த்த ஒரு பெண்மணி. ஸ்காட்லாந்தில் பிளாக்பர்ன் என்ற ஊர். அங்கே பெரிய குடும்பம் ஒன்றில் கடைக்குட்டியாக 1961-இல் பிறந்தவள் சூசன் பாயில். பிரசவத்தின்போது பிராண வாயு போதாமல் மூளை பழுதாகிவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மந்த புத்திக்காரி என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். பாட்டு ஒன்றுதான் துணை. கலியாணம் செய்துகொள்ளவில்லை, வயதான தாயாரைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்தாள். 2007-இல் தாயார் காலமானாள்.

2009 ஏப்ரலில் ஒளிபரப்பான பிரிட்டிஷ் டெலிவிஷன் போட்டி ஒன்றில் அவள் மேடை ஏறினாள். வயது 47 என்று சொன்னதும் சபை சிரித்தது. தலைமயிரும் உடுப்பும் நாகரிகமாக இல்லை. அப்புறம் 'லே மிஸெராப்ளே' என்ற இசை நாடகத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்தாள். சிரித்தவர்கள் எழுந்து நின்றார்கள். இந்தக் காட்சி எல்லோருக்கும் தெரிந்ததே, நான் விரிக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஏழு வாரம் வீட்டு வாசலில் பத்திரிகைக்காரர்கள், காமெராக்கள், கூச்சல். இறுதிப் போட்டியில் இரண்டாவதாக வந்த மறுநாள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. சில பத்திரிகைகள் அதையும் வேடிக்கையாக எழுதின. சப்தமும் கூட்டமும் அவளுக்கு ஏன் அப்படிச் செய்கின்றன என்று எழுதினவர்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

அந்த வருஷக் கடைசியில் வந்த முதல் இசைத் தட்டு பிரிட்டனில் மட்டும் முதல் வாரத்தில் 4 லட்சத்துக்கு மேல் விற்றது. அதற்கும் மூன்று வருஷம் கழித்துத்தான், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு நிபுணர் அவளைச் சோதித்து, மூளை பழுதென்பதெல்லாம் தவறு, உங்களுக்குச் சராசரிக்கு மேற்பட்ட புத்தி, இது ஆஸ்பெர்கர் சுபாவம் என்றார். 2013 டிசம்பரில் அவளே இதைப் பத்திரிகைக்குச் சொன்னாள். துக்கப்பட்டுச் சொல்லவில்லை. நிம்மதியாக இருக்கிறது என்றாள். ஐம்பது வருஷமாக மாட்டியிருந்த தவறான பெயர்ச்சீட்டைக் கழற்றின நிம்மதி.

பணம் வந்த பிறகு அவள் பெரிய வீடு ஒன்று வாங்கினாள். ஆனால் தான் வளர்ந்த அந்தப் பழைய வீட்டுக்கே திரும்பி வந்தாள். இதைச் சிலர் விநோதமாகப் பேசினார்கள். எனக்கு விநோதமாகப் படவில்லை. எந்தப் படி எங்கே இருக்கிறது, எந்தக் கதவு எப்படிச் சப்தம் போடும் என்று உடம்புக்குத் தெரிந்த வீடு அது. கவிஞர் குடும்பத்துப் பெண் வீட்டை விட்டு ஓடினால்தான் கிடைத்த அமைதி, இவளுக்கு வீட்டுக்குள்ளேயே கிடைத்தது, "ஏன் இப்படி ஓடி ஒளிகிறாய்?" என்று கேட்பாரும் இல்லை.

2022 ஏப்ரலில் அவளுக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. பேசவும் பாடவும் மறுபடி பயிற்சி செய்தாள். 2023 ஜூனில், அதே போட்டியின் இறுதி நாளில், லண்டன் நாடகக் குழுவினரோடு மேடையில் வந்து நின்று, பதினாலு வருஷத்துக்கு முன் பாடிய அதே பாட்டைப் பாடினாள். அன்று சபையில் யாரும் சிரிக்கவில்லை.